விஷயத்துக்கு வருமுன் அணையும் கம்ப்யூட்டர்

“அப்பா, அம்மா மேல உங்களுக்கு என்னங்கப்பா கோபம்?”

சமீபத்தில் ஒரு நாள் காலை. மெஸ்ஸிலிருந்து வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் பட்டன் போன் அடித்தது. எடுத்தால் இந்தக் கேள்வி! கேட்டது என் மகள் நித்யா. அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறாள்.

கோபமா... எனக்கா?

எனக்குக் கோபமே வராது என்று சொல்லவில்லை. ஸ்மார்ட்போனைப் பற்றி, கல்யாண வீட்டு பஃபே சாப்பாட்டைப் பற்றி, வாக்கிங் போகிறவர்களின் அட்வைஸைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் திட்டித் தீர்த்ததெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் என் மனைவி மரகதத்தின் மேல் எனக்கு என்ன கோபம்? அவள் மகள் வீட்டுக்குப் போய் ஐந்து மாதமாகிறது. கோபித்துக்கொண்டால் சமாதானப்படுத்தக்கூட இங்கே ஆள் கிடையாது.

“பின்ன ஏனுங்கப்பா, அம்மா முக்கியமான விஷயம் சொல்லோணும்னு வாயத் தெறந்தாலே கட் பண்ணிப்போடறீங்க? இன்னைக்கும் அப்படித்தான் பண்ணிப்போட்டீங்க. அம்மா அழுவுதுங்கப்பா.”

“நான் எங்க கண்ணு கட் பண்ணுனேன்? கம்ப்யூட்டர் தானா அணைஞ்சுபோச்சு.”

“சாப்டீங்களா, தூங்குனீங்களான்னு கேக்கறப்ப எல்லாம் அணையறதில்லை. அம்மா விஷயத்துக்கு வந்தா மட்டும் கரெக்டா அணையுதுங்களா?”

யோசித்துப் பார்த்தால், அவள் சொல்வது அப்படியே நிஜம்!

“சரி, என்ன விஷயம்? நீயே சொல்லீரு.”

“இல்லீங்கப்பா. போன்ல சொல்ற விஷயமில்லையாமா. உங்க மூஞ்சியப் பாத்துத்தான் கேப்பேன்னு அம்மா ஒத்தக் கால்ல நிக்குது.”

போனை வைத்துவிட்டு இட்லிப் பொட்டலத்தை மறுபடி மடித்து வைத்தேன். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய விஷயம் என்றால் அது என்னவாக இருக்கும்? மரகதத்துக்குச் சர்க்கரை உண்டு. முட்டி வலி உண்டு. போன இடத்தில் நெஞ்சு வலி, அது இது என்று ஏதாவது... பயந்துவிட்டேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்றாகவே பயந்துவிட்டேன்.

மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போவது இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் சந்தைக்குப் போவது மாதிரி ஆகிவிட்டது. எங்கள் தெருவிலேயே ஒரு அம்மா ஆஸ்திரேலியாவில், ஒரு அம்மா ஜெர்மனியில். அம்மாக்கள் சுக்கு, பூண்டு, பெருங்காயம் சகிதம் விமானம் ஏறிவிடுகிறார்கள். அப்பாக்கள்? அப்பாக்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டை எதற்கு ஒரு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும், அது எங்கே ஓடிப்போகப் போகிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

நான் பார்த்துக்கொள்ளும் வீடு போத்தனூரில் இருக்கிறது. மாடியில் வாடகைக்கு ஒரு பெண். கீழே நான், ஒரு டிவி, ஒரு கிரைண்டர், ஒரு கம்ப்யூட்டர்.

கிரைண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கோயமுத்தூர் ஊருக்கெல்லாம் கிரைண்டர் செய்து கொடுக்கிற ஊர். ஆனால் ஒரே ஒரு ஆளுக்கு மாவு அரைக்க இங்கேகூட ஒரு கிரைண்டர் கிடைக்கவில்லை. ஒரு டம்ளர் அரிசியைப் போட்டால் அது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றி வருகிறதே தவிர, அரைபடுவேனா என்கிறது. அதனால்தான் மெஸ் இட்லி.

டிவி நாள் முழுக்க ஓடும். நான் பார்ப்பதில்லை. ஜங்ஷனிலிருந்து ரயில் கிளம்புகிற சத்தம் காதில் விழாமல் இருப்பதற்காக ஓடுகிறது. மரகதம் இருந்தவரை அந்த ரயில் சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை. அப்போதும் ரயில்கள் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும், இல்லையா?

மிச்சம் இருப்பது கம்ப்யூட்டர். அதில்தான் இந்தப் பத்தியை டைப் அடிக்கிறேன். ஸ்மார்ட்போன் வாங்க மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், போன தடவை வந்தபோது நித்யா அதில் ஒரு கேமராவை மாட்டிக் கொடுத்தாள். தினமும் காலை ஏழு மணிக்கு நான் இங்கே உட்காருவேன். அங்கே அவர்களுக்கு முந்தின நாள் சாயங்காலம். திரையில் மரகதம் வருவாள், மடியில் பேரனோடு. அந்த நேரத்துக்காகவே நான் ஐந்து மணிக்கு எழுந்து குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொள்கிறேன். வேறு எங்கும் போவதற்கு இல்லை.

இந்தக் கம்ப்யூட்டருக்கு மரகதம் ஓர் உறை தைத்துப் போட்டிருக்கிறாள். எங்கள் பின்தெருவில் ஒரு வேஸ்ட் பஞ்சு குடோன் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் வீடெல்லாம் பஞ்சு பறக்கும். “பஞ்சு உள்ள போனா மிஷின் என்னத்துக்கு ஆகுங்க?” என்று சொல்லி, தன் பிறந்த ஊரான சென்னிமலையிலிருந்து வாங்கி வந்த கட்டம் போட்ட பெட்ஷீட் ஒன்றை வெட்டினாள். டேபிளுக்கு அடியில் இருக்கும் சி.பி.யூ. பெட்டியை டேப் வைத்து அளந்தாள். ஒரே மத்தியானத்தில் உறை ரெடி. முன்னால் பட்டனுக்கு அளவாக ஓர் ஓட்டை. ஒயர்கள் வெளியே வரப் பின்பக்கம் ஒரு பிளவு. அங்கே கட்டிக்கொள்ள, குழந்தை ஜபளாவில் இருக்குமே, அதுபோல நாடா. ஏர்போர்ட்டில் உள்ளே போவதற்கு முன்பு கடைசியாக அவள் சொன்னது என்ன தெரியுமா? “உடம்பப் பாத்துக்குங்க” இல்லை. “அந்த உறையக் கழட்டிப்போட்டறாதீங்க.”

நான் கழற்றவில்லை.

உங்களில் பாதிப் பேருக்கு இப்போதே விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் விஷயத்துக்கு வரும்போது மட்டும் அணைந்தது? அதற்குக் காரணம் கம்ப்யூட்டர் மட்டுமில்லை. எங்கள் கொங்கு நாட்டு மரியாதையும்தான். எங்கள் பக்கம் யாரும் எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பொண்ணு கேட்டு வந்தாலும் சரி, கடப்பாரை இரவல் கேட்டு வந்தாலும் சரி, முதலில் சாப்பாடு. அப்புறம் உடம்பு. அப்புறம் மழை. அப்புறம் தோட்டம், தென்னை, மாடு. பிறகு யாருக்குக் கல்யாணம், யாருக்கு ஆபரேஷன். இதெல்லாம் முடிந்து, செருப்பைத் தேடுகிற நேரத்தில்தான், “அப்பறமுங்க... ஒண்ணு சொல்லோணும்” என்று வரும்.

மரகதமும் அந்த ஊர்க்காரிதானே? டெக்சாஸ் போனால் மாறிவிடுமா? சாப்பாட்டில் ஆரம்பித்து, முருங்கை மரம் வரைக்கும் விசாரித்துவிட்டு, “அப்பறமுங்க...” என்பாள். டப்! திரை கருப்பாகிவிடும். மறுபடி பட்டனை அழுத்தினால் உடனே வராது. அப்புறம் வந்தாலும் அங்கே பேரனுக்குப் பசி, குளியல், தூக்கம். அதற்கப்புறம் அடுத்த நாள்தான். அடுத்த நாள் மறுபடியும் சாப்பாட்டிலிருந்து!

விஷயத்தை நேராகப் போட்டு உடைக்கிற ஊராக இருந்திருந்தால் இந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப்போன சமாச்சாரமே வெளியே தெரிந்திருக்காது.

இதில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. எங்கள் பக்கம் கிளம்பும்போது “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சொல்லாமல் எழுந்து போவது எழவு வீட்டில் மட்டும். மரகதத்துக்கு அது பெரிய விஷயம். தினமும் பேச்சு பாதியில் அறுந்து, வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நாங்கள் பிரிந்துகொண்டிருந்தோம். அவளுக்கு அங்கே எப்படி இருந்ததோ... எனக்கு இங்கே அந்தக் கருப்புத் திரையில் என் முகம் மட்டும் தெரியும். எழுந்து போய் டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

நித்யா போன் செய்த அன்றே மாடிப்படி ஏறினேன். மாடியில் குடியிருக்கும் பெண்ணின் பெயர் எஸ்தர். சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனி வேலை. பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் வீட்டிலிருந்தே லேப்டாப். அப்பா அம்மா தாராபுரம் பக்கம். ஒரு வருஷமாகக் குடியிருக்கிறாள் என்றாலும், எதிரில் வந்தால் “குட்மார்னிங் அங்கிள்”, “வாம்மா” – இவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம்.

“டைப் அடிக்கறப்ப அணையுதுங்களா அங்கிள்?”

“இல்ல. வீடியோவுல பேசறப்ப மட்டும்தான்.”

“அப்ப ஹீட்டா இருக்கும்ங்க. டைப் அடிக்கறதெல்லாம் அதுக்கு ஒரு வேலையே இல்லீங்க. வீடியோன்னா ப்ராசஸர் நல்லா உழைக்கோணும். சூடு ஓவரா ஏறுச்சுன்னா, எரிஞ்சு போகாம இருக்க அதுவே ஆஃப் ஆயிக்கும். ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து பாக்கறனுங்க.”

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அதற்கு முன்பே நான் அறையைப் பெருக்கி, டேபிளைத் துடைத்து, உறையின் நாடாவை அவிழ்த்து, உறையை மடித்து பீரோ மேல் வைத்திருந்தேன். டாக்டர் பார்க்க வரும்போது சட்டையைக் கழற்றி வைப்பதில்லையா? அப்படித்தான்.

திரையின் ஓரத்தில் சூட்டைக் காட்டும் ஒரு நம்பர் தெரிகிற மாதிரி எதையோ இறக்கி வைத்தாள். பிறகு வீடியோவை ஓடவிட்டு உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம். நம்பர் ஏறுவதும் இறங்குவதுமாக அறுபதைச் சுற்றியே நின்றது. நூறுக்குப் பக்கத்தில் போனால்தான் ஆபத்தாம்.

“நல்லாத்தானே இருக்குதுங்க அங்கிள்?”

நல்லாத்தான் இருந்தது. அவள் மாடிக்குப் போனாள். நான் உறையை எடுத்து, பழையபடி மாட்டி, நாடாவைக் கட்டினேன். மறுநாள் காலை மரகதம் “அப்பறமுங்க...” என்றாள். டப்!

இரண்டாவது தடவை எஸ்தர் ஸ்க்ரூடிரைவர், பிரஷ் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே இருக்கும் குட்டி ஃபேனைச் சுற்றிப் பஞ்சு படிந்து கிடந்தது.

“அங்கிள், இத சேத்து வெச்சா ஒரு தலகாணியே தெச்சறலாமுங்க!”

பிரஷ்ஷால் சுத்தம் செய்தாள். ப்ராசஸருக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒரு பேஸ்ட் இருக்குமாம், சூட்டை வெளியே கடத்திவிட. அது காய்ந்து சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி ஆகியிருந்தது. வழித்துவிட்டுப் புதிதாகத் தடவினாள். ஓட்டிப் பார்த்தோம். நம்பர் ஐம்பதைத் தாண்டவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். காபி சுமார்தான். அவள் முழுசாகக் குடித்தாள்.

“நீ மேல ஒண்டியா இருக்கறயே, பொழுது போகுதா?” என்று கேட்டேன். ஒரு வருஷம் கழித்துக் கேட்கிற கேள்வி.

“டிவிய ஓட உட்டுட்டு என் வேலையப் பாப்பனுங்க அங்கிள். பாக்கறதெல்லாம் இல்லீங்க. சத்தம் இருந்தாப் போதும்.”

மேலே ஒரு டிவி, கீழே ஒரு டிவி. இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை. டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன்.

அவள் போன பிறகு ஒரு விஷயம் தோன்றியது. உறை போட்டிருக்கும்போதே இவ்வளவு பஞ்சு உள்ளே போயிருக்கிறதே, உறை இல்லாவிட்டால் என்ன கதி? மரகதம் சொன்னது எவ்வளவு சரி! அன்றைக்கு நாடாவை இரண்டு முடிச்சாகப் போட்டு இறுக்கிக் கட்டினேன்.

மறுநாள் மரகதம் விஷயத்தை ஆரம்பிக்கவே இல்லை. முருங்கை மரத்தோடு அணைந்துவிட்டது. இன்னும் சீக்கிரமாக!

எனக்கு வந்ததே ஆத்திரம்! “சனியனே! ஒரு மனுசி ஒரு வார்த்த பேச உடமாட்டயா? அவ என்ன சொல்ல வர்றான்னு எனக்குத் தெரியோணுமா வேண்டாமா?” என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சத்தம் போட்டேன். காலி வீட்டில் அந்தச் சத்தம் எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

“அங்கிள்...?”

வாசலில் எஸ்தர். டேங்கில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, மோட்டார் போடச் சொல்லலாம் என்று இறங்கி வந்தவள் நான் கத்துவதைக் கேட்டு அப்படியே நின்றிருக்கிறாள். உள்ளே வந்தாள். கருப்புத் திரையைப் பார்த்தாள். டேபிளுக்கு அடியில் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

“அங்கிள்... இது என்னங்க?”

“உறை.”

“இது எப்பவுமே போட்டிருக்குதுங்களா?”

“ஆமா. அவ கழட்டக் கூடாதுன்னு சொல்லீட்டுத்தான் போனா.”

“நான் வந்தப்ப இல்லீங்களே?”

“நீ வர்றப்ப கழட்டி வெச்சிருவேன். ஆளு வந்து பாக்கறப்ப மூடி வெச்சிருந்தா நல்லாவா இருக்கும்?”

எஸ்தர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “பெட்ஷீட்டப் போத்தி உட்டுட்டு, ஹீட் ஆகுது ஹீட் ஆகுதுன்னா... அதுவும் டபுள் முடிச்சு!”

எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன வேலை பார்த்தவன் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் செக்ஷன், ரிட்டயர் ஆகிற வரைக்கும். மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று மோட்டாருக்குச் சாக்குப் போர்த்தி ஓட்டிவிட்டு, உள்ளே காயில் கம்பி எரிந்துபோய்த் தூக்கிக்கொண்டு வரும் விவசாயிகளை நான் படுத்தின பாடு கொஞ்சமா? “ஏனுங்க, மோட்டாருக்கு மூச்சு உட வேண்டாமா? உங்களுக்கு இப்படி மூஞ்சியில சாக்கப் போத்துனா இருப்பீங்களா?” என்று கேட்ட வாய் இது!

கையை வைத்துப் பார்த்தே ஒரு மோட்டாரின் சூட்டைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை வேறு. அந்தப் பெட்டி சூடாவது எனக்குத் தெரியாதா? தெரியும். மார்கழிப் பனியில் காலை ஏழு மணிக்குத் தரை சில்லென்று இருக்கும். பேசும்போது என் இரண்டு காலையும் அந்த உறையோடு ஒட்டி வைத்துக்கொள்வேன். கதகதப்பாக இருக்கும். திரையில் அவள் குரல், காலுக்கு அவள் தைத்த துணி. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவும் இல்லை போலிருக்கிறது.

எஸ்தர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்தினாள். உறையின் ஓரத்தைப் பிடித்துத் தையலைத் தடவிப் பார்த்தாள். “ஆன்ட்டி நல்லா தெச்சிருக்கறாங்க அங்கிள்” என்றாள். இரண்டு முடிச்சையும் அவள்தான் அவிழ்த்தாள். நான் உறையை மடித்து, பீரோவில் மரகதத்தின் புடவைகளுக்கு மேல் வைத்தேன். பிறகு போய் மோட்டாரைப் போட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணி. மரகதம் திரையில் வந்தாள்.

“விஷயத்தச் சொல்லு” என்றேன்.

“என்னங்க இது, எடுத்த எடுப்புல... சண்டைக்காரங்களாட்டம்? மொதல்ல சாப்டீங்களா?”

உறைக் கதையைச் சொன்னேன். முதலில் வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு, “ஓட்டறப்பவும் போட்டிருங்கன்னு நான் சொன்னனுங்களா?” என்று என்மேலேயே பாய்ந்தாள்.

“பட்டனுக்கு ஓட்ட உட்டுத் தெச்சது ஆரு?” என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். ஐந்து மாதத்தில் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அப்புறம் வழக்கம்போல எல்லாம் நடந்தது. சாப்பிட்டேன். தூங்கினேன். மழை இல்லை, பனிதான். முருங்கை பூவெடுத்திருக்கிறது. சென்னிமலையில் அவள் சித்தப்பா பேத்திக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. பேரன் குப்புற விழுந்துவிட்டான், அவனைப் படுக்கவைத்துக் காட்டினாள். அவன் அன்றைக்கென்று விழமாட்டேன் என்று மல்லாக்கப் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“அப்பறமுங்க... ஒண்ணு சொல்லோணும்.”

சொல்லிவிட்டு நிறுத்தினாள். நானும் அசையவில்லை. இரண்டு பேரும் அது அணைவதற்காகக் காத்திருந்தோம். பழகிவிட்டது அல்லவா! ஓரத்தில் நம்பர் ஐம்பத்திரண்டு என்று நின்றது.

“கேக்குதுங்களா?”

“கேக்குது.”

“அணையலீங்களே?”

“இனி அணையாது. சொல்லு மரகதம்.”

அவள் பேரனின் சட்டையை இழுத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“நித்யாவுக்கு லீவு முடியப்போகுதுங்க. வேலைக்குப் போயே ஆவோணும். இத்துனூண்டு பையன ஆருகிட்டயோ உட்டுட்டுப் போறதுக்கு அழுவறா. எனக்கு விசாவ நீட்டி இன்னும் ஆறு மாசம் இருக்கறதுக்கு எழுதிப் போடலாமாங்க. நீங்க வேண்டாம்னா வேண்டாங்க... நான் வந்தர்றேன். வாயில சரின்னு நீங்க சொல்லிப்போடுவீங்க, எனக்குத் தெரியாதுங்களா? அதுக்குத்தான் போன்ல கேக்க மாட்டேன்னு இருந்தேன். மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. இருக்கட்டுங்களா, வந்தறட்டுங்களா?”

முதலில் அப்பாடா என்று இருந்தது. நெஞ்சு வலி இல்லை. ஆபரேஷன் இல்லை. நல்லாத்தான் இருக்கிறாள். அதற்குப் பிறகுதான் அந்த ஆறு மாதம் காதுக்குள் போனது.

அவள் திரும்பி வரும் தேதியைத்தான் நான் தினமும் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? மடியில் அந்தப் பையன் கட்டை விரலைச் சப்பிக்கொண்டு என்னையே பார்க்கிறான்.

“இதுக்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம்? இருந்துட்டு வா. எனக்கென்ன கொற? மெஸ் இருக்குது, மேல எஸ்தர் இருக்குது, எழுத்து வேலை கெடக்குது... கொழந்தைய உட்டுட்டு வருவியா?”

குரல் நன்றாகத்தான் வந்தது.

மரகதம் என்னையே பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “மூஞ்சியக் கொஞ்சம் கிட்டத்துல கொண்டாங்க” என்றாள்.

டேபிளுக்கு அடியில் என் கால் தேடியது. உறை இல்லாத தகடு சில்லென்று இருந்தது. கட்டை விரலுக்குப் பட்டன் தட்டுப்பட்டது. அழுத்திப் பிடித்தேன்.

டப்.

இத்தனை நாள் நான் கட் பண்ணவில்லை, நான் கட் பண்ணவில்லை என்று மகளிடம் சத்தியம் செய்தவன். அன்றைக்குக் கட் பண்ணியது நான்தான். கருப்புத் திரையில் என் முகம் தெரிந்தது. அதை அவளுக்குக் காட்டாமல் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பட்டன் போன் அடித்தது.

“ஏனுங்க... மறுபடியும் சூடாயிருச்சுங்களா?”

“ஆமா. என்னமோ தெரியல.”

“உறையக் கழட்டீட்டீங்கல்ல?”

“கழட்டீட்டேன்.”

அந்தப் பக்கம் பின்னால் பேரன் சிணுங்குவது மட்டும் கேட்டது.

“போச்சாதுங்க, பரவால்லீங்க” என்றாள். குரல் ரொம்பவும் இறங்கியிருந்தது. “சொல்லாம வெக்கக் கூடாதல்லங்க, அதுக்குத்தான் கூப்பிட்டேன். வாரேனுங்க.”

“சரி மரகதம்” என்றேன். போனை வைத்தேன். டிவியைப் போடவும் தோன்றவில்லை. மேலே எஸ்தர் வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மாதத்துக்கு எழுதிப் போட்டாகிவிட்டது என்று நேற்று நித்யா சொன்னாள். இனி முடிவை மாற்ற மாட்டார்கள். அதனால்தான் இதைத் தைரியமாக எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சூடானால் என்ன செய்வது என்று கேட்டு எனக்குக் கடிதம் போட்டுவிடாதீர்கள். தூசி தட்டுங்கள், பேஸ்ட்டை மாற்றுங்கள், மேலே எதையும் போர்த்தாதீர்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மற்றபடி, இந்தப் பக்கத்தை வாராவாரம் நித்யாவின் போனில் விடாமல் படிக்கிற ஒரு வாசகிக்கு மட்டும் ஒரு வரி.

கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்குது, மரகதம்.